நாணும் பெருவிரலும்



துரோணர் ஏகலைவனிடம் கேட்ட குருதட்சிணை யாது என்று வினவினால், நமது நாட்டிலே மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் விடை சொல்லும். வலக்கைப் பெருவிரல். ஆனால், ஏன் பெருவிரல், வேறொரு விரலைக் கேட்டிருக்கலாகாதா என்று வினவினால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாத்திரமன்று, முப்பது ஆண்டு கற்பித்த ஆசிரியனும் விழிப்பான். அவ்வாறு விழித்தவன் நானே.

மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள எங்கள் பாடசாலையின் ஆண்டு விழாவுக்கு ஏகலைவன் நாடகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தோம். ஏகலைவனாக நடிக்க வந்தவன், வாகரைப் பக்கத்துக் கரையோரக் கிராமத்திலிருந்து வந்து, தன் பெரியம்மா வீட்டில் நின்று படிக்கும் பையன். அப்பக்கத்திலே பழைய வேடர் குடிவழியினர் தமிழ் பேசி, மீன்பிடித்தும் சேனைப் பயிர் செய்தும் வாழ்கின்றனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். மூங்கிலை வளைத்துத் தங்கூசி நூலை நாணாகக் கட்டி, வில்லையும் அவனே செய்து கொண்டு வந்தான். ஒத்திகையின் மூன்றாம் நாள், பெருவிரலை அறுத்து வைக்கும் கட்டம். பையன் கத்தியைக் கையில் எடுத்தான், எடுத்தவன் அப்படியே நின்று, என்னைப் பார்த்து, “சேர், நான் இந்தப் பெருவிரலாலே நாணை இழுக்கவில்லையே. இதை வெட்டிக் கொடுத்தால் எனக்கு என்ன குறைந்துவிடும்? துரோணர் ஏமாந்துபோனாரா?” என்றான்.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கையைப் பார்த்தேன். சுட்டுவிரல் அம்புக்கு மேலும், நடுவிரலும் மோதிரவிரலும் அம்புக்குக் கீழுமாக, மூன்று விரல்களால் நாணைப் பற்றியிருந்தான். திரைப்படத்திலும் ஒலிம்பிக் பந்தயத்திலும் அவன் கண்ட பிடி அது. அந்தப் பிடியிலே பெருவிரலுக்கு வேலையே கிடையாது. கூத்துப் பழக்குவதற்கு வந்திருந்த அண்ணாவியாரை நோக்கினேன். அவர், “அதிபர் ஐயா, கூத்திலே கால் தாளத்துக்கு விழுந்தாற் போதும். விரலை ஆர் பாக்கப் போறாங்க?” என்று சொல்லி வெற்றிலையை மடித்தார். அன்று ஒத்திகையை அத்துடன் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன்.

வில்வித்தையிலே இடக்கை வில்லைத் தாங்குகிறது. வலக்கைதான் வேலை செய்யும் கை. அம்பின் அடியிலுள்ள பிளவை நாணிற் பொருத்தி, நாணைக் கன்னத்தளவோ காதளவோ இழுத்து, பின்பு விடவேண்டும். வலிமையுடைய எவனும் இழுத்துவிடுவான். விடுவதிலேதான் வித்தை இருக்கிறது. விடும்போது விரல் ஒரு நூலளவு தடுக்கினாலும் நாண் பக்கவாட்டில் அசையும். கையருகே நூலளவாய் இருந்த பிழை இலக்கருகே முழ அளவாகிவிடும். ஆகவே, எந்த விரலால் எப்படிப் பற்றுவது என்பது வில்லாளன் தன் வாழ்நாளிற் செய்யும் முதற் தெரிவு. ஒரு பிடியிலே பழகிய கையை மறுபிடிக்கு மாற்றுவது, வலக்கையால் எழுதுபவனை இடக்கையால் எழுதச் சொல்வது போன்றதாகும்.

சிறுபிள்ளை ஒன்றின் கையில் வில்லும் ஈர்க்கு அம்பும் கொடுத்துப் பாருங்கள். அம்பின் அடியைப் பெருவிரல் நுனிக்கும் மடித்த சுட்டுவிரலுக்கும் இடையிலே நுள்ளிப் பிடித்து இழுக்கும். யாரும் கற்றுக்கொடாமலே வரும் பிடி அது. மெல்லிய வில்லுக்கு அது போதும். வில் வலுத்தால் அம்பு விரலிடையிலிருந்து வழுகிவிடும். எங்கள் பையன் பிடித்த மூன்று விரற் பிடி ஐரோப்பாவிலே நெடுங்காலம் வழங்கியது. ஆளுயர வில்லை வளைத்த ஆங்கில வில்லாளர் கைக்கொண்ட பிடியும் அதுவே. நெடிய வில்லை இழுக்கும்போது நாண் விரலருகே அகன்ற கோணமாக நிற்கும். மூன்று விரல்களும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். அம்பு வில்லின் இடப்புறத்திலே தங்கும்.

ஆசியாவின் பெரும்பகுதியிலே வழங்கிய பிடி வேறு. பெருவிரலைக் கொக்கிபோல மடித்து நாணை மாட்டி, சுட்டுவிரலை அப்பெருவிரலின்மேல் வைத்துப் பூட்டிவிடுவது அது. அம்பு வில்லின் வலப்புறத்திலே தங்கும். சுட்டுவிரலின் அடிப்புறம் அதை வில்லோடு அணைத்துக்கொள்ளும். மங்கோலியர், சீனர், துருக்கியர், பாரசீகர் யாவரும் இதனையே கைக்கொண்டனர். கொம்பும் நரம்பும் மரமும் ஒட்டிச் செய்த அவர்களுடைய கூட்டுவில் குட்டையானது. அதை முழுவதும் இழுக்கும்போது நாண் கூர்ங்கோணமாக ஒடுங்கி, மூன்று விரல்களையும் ஒன்றோடொன்று நெரித்துவிடும். பெருவிரல் ஒன்றே என்றால் நெரிசலில்லை. நாண் ஒரே இடத்திற் பற்றப்படுவதால், விடும்போது தடையின்றி நழுவுகிறது. ஓடும் குதிரையிலும் உருளும் தேரிலும் நிற்பவனுக்கு, அடுத்த அம்பைத் தூணியிலிருந்து எடுத்து வைப்பதும் இப்பிடியிலே விரைவாகிறது. பெருவிரலின் தசையை நாண் அறுத்துவிடாதிருக்க, தோலாலோ கொம்பாலோ கல்லாலோ ஆன வளையம் அணிந்தார்கள். முகலாயப் பேரரசன் ஷாஜகானின் பச்சைக்கல் பெருவிரல் வளையம் இன்றும் இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் இருக்கிறது. அரசனுடைய விரலுக்கு அது ஆபரணந்தான். ஆயினும் ஆபரணமாவதற்கு முன் அது கருவி.

இந்தப் பிடிகளை ஒப்புநோக்கி முதலில் ஒழுங்காக எழுதியவர் எட்வர்ட் மோர்ஸ் என்னும் அமெரிக்கர். உயிரியல் ஆராய்ச்சிக்காக யப்பானுக்குப் போய், 1877 இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்திலே ஆசிரியராகியவர். யப்பானியர் நாணைப் பிடிப்பதும் தாம் பிடிப்பதும் வேறு வேறு என்று கண்ட வியப்பு அவரை விடவில்லை. உலகத்துப் பிடிகளையெல்லாம் ஐந்தாக வகுத்து 1885 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிற்பத்திலும் சித்திரத்திலும் உள்ள விரல்களைப் பார்த்தே பழைய மக்களின் பழக்கத்தை ஊகிக்கலாம் என்று அவர் காட்டினார்.

மோர்ஸ் ஐந்து பிடிகளை வகுப்பதற்குப் பல காலம் முன்னரே நம்மவரும் ஐந்து வகுத்திருந்தனர். வசிட்டர் பெயரால் வழங்கும் தனுர்வேதம் என்ற வடமொழி நூல் நாணைப் பற்றும் முட்டிகள் ஐந்து என்கிறது. பதாகை, வச்சிரமுட்டி, சிங்ககர்ணம், மற்சரி, காகதுண்டி என்பன அவை. பெயர்களைக் கேட்டு மலைக்கவேண்டா. சுட்டுவிரலை நீட்டிப் பெருவிரலின் அடியிற் சார்த்தினால் பதாகை; தொலைவாக எய்வதற்கு உரியது. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பெருவிரல் புகுந்தால் வச்சிரமுட்டி. நாராசம் என்னும் கனத்த இரும்பம்பை விடுவதற்கு அது வேண்டும். (கேட்கச் சகியாத சொல்லை நாராசம் என்கிறோமே, அந்த நாராசந்தான்.) சுட்டுவிரலின் நுனி பெருவிரலின் நடுவிலே நின்றால் சிங்ககர்ணம், உறுதியான இலக்கைத் துளைப்பதற்கு. நகத்தின் அடியிலே நின்றால் மற்சரி. இரு நுனிகளும் காக்கையின் அலகுபோலக் கூடினால் காகதுண்டி. அது மிக நுண்ணிய இலக்குக்கு உரியது. பாரத்துக்கு ஒரு பிடி, தூரத்துக்கு ஒரு பிடி, நுட்பத்துக்கு ஒரு பிடி என்று, காரியத்துக்கு ஏற்பப் பிடியைத் தெரிந்தெடுக்கும்படி அந்நூல் கற்பிக்கிறது.

இதை வாசித்தபோது என் மேசையில் இருந்த பென்சிலை எடுத்து, ஐந்து முட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். என் மனையாள் அறைவாசலில் நின்று விநோதமாக நோக்கினாள். ஐந்தையும் பிடித்து முடித்தபின்புதான் உண்மை தட்டுப்பட்டது. ஐந்திலும் பெருவிரல் இருக்கிறது. பெருவிரல் இல்லாத முட்டி ஒன்றுகூட அந்த ஐந்தில் இல்லை. நூல் பாரதத்துக்குப் பிற்பட்டதேயாயினும், அது காட்டும் மரபு இன்னதென்பதிலே ஐயமில்லை. அம்மரபிலே பயின்றவனுடைய பெருவிரலைக் கேட்பது, ஒரு விரலைக் கேட்பதன்று. ஐந்து முட்டிகளையும் ஒருசேரக் கேட்பதாகும்.

ஐரோப்பாவிலே இதற்கு மறுதலையான கதையொன்று உண்டு. 1415 ஆம் ஆண்டு அசின்கூர் என்னுமிடத்தில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பெரும்போர் மூண்டது. போருக்கு முன் ஆங்கில மன்னன் ஐந்தாம் ஹென்றி தன் வில்லாளரை நோக்கி, பிடிபடுவோரின் வலக்கையில் மூன்று விரல்களை அறுத்துவிடப்போவதாகப் பிரெஞ்சுக்காரர் வீரம் பேசுகின்றனர் என்று சொன்னதாக, அக்காலத்து வரலாற்றாசிரியர் வாவ்ரின் எழுதியுள்ளார். மூன்று விரல்கள், பெருவிரலன்று. பகைவன் எதை அறுப்பதாகச் சொல்கிறான் என்பதைக் கொண்டே, அந்நாட்டு வில்லாளன் எந்த விரலால் நாணை இழுத்தான் என்று சொல்லிவிடலாம். அத்தினாபுரத்திலே பெருவிரல்; அசின்கூரிலே மூன்று விரல். கேட்டவர்கள் இருவரும் வில் அறிந்தவர்களே.

தமிழ் வில்லாளர் கதை என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். சேரன் கொடியிலே பொறித்தது வில். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி விட்ட அம்பு ஒன்று யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, ஈற்றில் உடும்பிலே தைத்தது என்று வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. விரலைப் பற்றிய செய்தியைச் செய்யுளில் தேடுவதினும் சொற்களில் தேடுவது எளிது. வில்லாளன் விரலுக்கு இடும் உறைக்குப் புட்டில் என்று பெயர். இடக்கையில் நாண் அடிபடாதபடி கட்டும் தோலுக்குக் கோதை என்று பெயர். பூமாலைக்கும் அதுவே பெயராதலால், பாட்டிலே கோதை என்று வந்தவிடமெல்லாம் மாலை சூட்டிவிடுகிறோம். தோற்கட்டாகிய கோதை, வடமொழிக் கோதா என்பதன் வழி வந்தது; அச்சொல் அங்கே உடும்பையும் குறிக்கும். ஓரியின் அம்பு உடும்பிலே போய் நின்றதற்கும் இதற்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. எனக்கு அது நினைவுக்கு வந்தது, அவ்வளவே.

வில்நாணிலே விரல் பட்டால் அம்பு மாத்திரம் பிறப்பதில்லை. இடையன் ஒருவன் குமிழங்கொம்பை வளைத்து, மரல்நாரை நாணாகக் கட்டி, வில்யாழ் செய்து இசைத்ததைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. நம்மூர்க் காரைதீவிலே 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள், யாழின் வரலாற்றை 1947 இல் வெளிவந்த யாழ்நூலில் வில்லிலிருந்தே தொடங்கினார். அது தனியே பேசவேண்டிய பொருள்.

நம் பக்கத்து வேடரிடம் வருவோம். றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்திலே கைதியாயிருந்து தப்பிப் போய், 1681 இல் வெளியிட்ட நூலிலே ஒரு செய்தி சொல்கிறார். வேடருக்கு அம்புமுனை வேண்டுமானால், இரவிலே கொல்லன் பட்டறைக்கு இறைச்சி கொண்டு வந்து தொங்கவிட்டு, வேண்டிய வடிவிலே வெட்டிய இலையொன்றையும் அங்கே மாட்டிவிட்டுப் போவார்களாம். கொல்லன் அவ்விலையைப் பார்த்து முனை அடித்து வைப்பான். சொல் ஒன்றும் இல்லாத ஒப்பந்தம்! 1911 இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட ‘வேடர்’ என்னும் பெருநூலிலே கிழக்குக் கரையோர வேடருக்குத் தனி அதிகாரம் உண்டு. காட்டு வேடரின் நெடிய வில்லை அந்நூலின் நிழற்படங்களிற் காணலாம். அது கொம்பும் நரம்பும் ஒட்டிய கூட்டுவில் அன்று, ஒரே மரத்தாலானது. மரத்தின் மறைவிலே மூச்சடக்கி நின்று, அருகே வந்த மானுக்கு ஒரே ஓர் அம்பு விடும் வில் அது. தேரிலே நின்று மழைபோலப் பொழிய வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. வேட்டுவனுக்கு வேண்டியது பொறுமை. தேர்வீரனுக்கு வேண்டியது விரைவு.

இந்த விரைவு என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் ஆதி பருவத்துக்குப் போனேன். அங்கேதான் என் முப்பது ஆண்டுப் பாடமும் ஆட்டம் கண்டது.

ஏகலைவன் நிடத அரசன் இரணியதனுசின் மகன். குலம் காரணமாகத் துரோணர் அவனைச் சேர்க்க மறுத்தார். மண்ணாலே அவர் உருவத்தைச் செய்து வைத்துத் தானே பயின்றான். பாண்டவர் வேட்டைக்கு வந்தபோது அவர்களுடைய நாய் அவனைக் கண்டு குரைத்தது. நாய் வாயை மூடுமுன் ஏழு அம்புகளை அதன் வாயிலே செலுத்தினான். இதனைச் சொல்லுமிடத்து வடமொழி மூலம் வழங்கும் சொல் ‘லாகவம்’. கைலாகவம் என்று தமிழிலும் வழங்குகிறோமே, அதுவே. ஏழும் ஒருங்கே சென்றாற்போல இருந்ததாம். பாண்டவர் வியந்தது வலிமையையன்று, கையின் விரைவை. என்னை மிஞ்சும் மாணாக்கன் உமக்கு இல்லை என்றீரே என்று அருச்சுனன் போய் முறையிட்டதும் அதனைக் கண்டே.

துரோணர் வந்தார், பெருவிரலைக் கேட்டார், அவன் முகம் கோணாமல் அறுத்துக் கொடுத்தான். இவ்வளவும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அடுத்து வரும் செய்தியைச் சொல்வதில்லை. அதன்பின் ஏகலைவன் மற்றை விரல்களால் நாணை இழுத்து எய்தான் என்றும், ஆனால் முன்போல விரைவு உண்டாகவில்லை என்றும் மூலம் கூறுகிறது. அப்போதே அருச்சுனனுக்குக் காய்ச்சல் விட்டதுபோலிருந்தது என்று தொடர்கிறது. எய்ய முடியவில்லை என்று வியாசர் கூறவில்லை. விரைவு போயிற்று என்றே கூறுகிறார். பெருவிரற் பிடி ஒன்று, விரற் பிடி ஒன்று, இரண்டுக்கும் வேறுபாடு இன்னது என்று அறிந்த ஒருவரே இப்படி எழுதியிருக்கக்கூடும். நாயின் வாயிலே எது தெரிந்ததோ, அதை மாத்திரம் அளந்து எடுத்துக்கொண்டார் துரோணர். கையை வெட்டச் சொல்லியிருந்தால் உலகம் கொடுமை என்றிருக்கும். ஒரு விரலைக் கேட்டதனால் தட்சிணை என்கிறது.

‘ஏகலைவனின் பண்புகளைக் கூறுக’ என்னும் பரீட்சை வினாவுக்கு, குருபக்தி என்று எழுதிய பிள்ளைக்கே நான் முழுப்புள்ளி இட்டு வந்திருக்கிறேன். குருபக்தி பொய்யன்று. ஆனால், அந்தக் கதையிலே பக்தி செய்தவன் யார், கணக்குப் பார்த்தவர் யார் என்று ஒரு பிள்ளையையேனும் நான் கேட்டதில்லை. ஆசிரியர் தொழிலில் இருப்பவனுக்குத் துரோணரை ஆராய்வது அவ்வளவு இன்பமான காரியமன்று என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம்.

துரோண பருவத்திலே இக்கதைக்கு இன்னும் ஓரிடம் உண்டு. பெருவிரலோடு இருந்த ஏகலைவனைத் தேவரும் தானவரும் வெல்லமாட்டார் என்று கண்ணன் அருச்சுனனுக்குச் சொல்கிறான். துரோணர் உனக்காகவே அவனை வஞ்சித்தார் என்றும் ஒளியாமற் சொல்கிறான். வஞ்சம் என்பது என் சொல்லன்று, கண்ணன் சொல். விரற்புட்டில் கட்டிக்கொண்டு, காட்டிலே தனியனாய் எய்து திரிந்த அந்த நிடதன் இன்னோர் இராமனைப் போல விளங்கினான் என்பதும் அவ்விடத்திலே வருகிறது.

மறுநாள் பையனை அழைத்து இவற்றை விளங்கப்படுத்தினேன். அவன் கேட்டது ஒன்றே: “அப்படியானால் நான் முதலில் பெருவிரலால் இழுக்கப் பழகவேண்டும், இல்லையா சேர்?” பழகினான். தங்கூசி நூல் பெருவிரலை அறுத்து இரத்தம் கசிந்தது. பழைய செருப்பு வாரைக் கத்தரித்து ஒரு புட்டில் செய்து கொடுத்தேன். முதல் நாள் அம்பு கீழே விழுந்தது. அம்பை வில்லின் வலப்புறம் வைக்கவேண்டும் என்று எனக்கே அப்போதுதான் நினைவு வந்தது. பத்து நாளில் அவன் கை படிந்துவிட்டது. பெருவிரலாலே இழுத்தபோது மூன்று அம்பு விடும் நேரத்தில், மூன்று விரலாலே இரண்டே விட்டான். வியாசர் சொன்னதை அவன் மணிக்கூடு பார்த்து ஒப்புக்கொண்டான்.

விழாவன்று நாடகத்துக்கு ஒரு காட்சி கூட்டினோம். துரோணரும் அருச்சுனனும் போனபின், ஏகலைவன் கையைத் துணியாற் சுற்றிக்கொண்டு, தோல்வாரை மூன்று விரல்களிலும் கட்டி, வில்லை மறுபடி எடுக்கிறான். மத்தளம் நின்றுவிட்டது. நாண் இரண்டு முறை நழுவியது. அண்ணாவியார் களரி ஓரத்தில் இருந்தவர், சல்லரியை மடியில் வைத்துவிட்டு முன்னே குனிந்து, பக்கத்திலிருந்தவரிடம், “இப்ப எந்த விரலால இழுக்கிறான்?” என்று கேட்டார்.